படித்ததாக எடுத்துக்கொண்ட அறிக்கை

தோல்விக்கான அறிக்கை தோல்விக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. கட்சித் தலைமையகம் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று தாள்கள் இருந்தன. ஜெயித்தால் ஒன்று, இழுபறியானால் ஒன்று, தோற்றால் ஒன்று. மூன்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "மக்கள் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், இறகுப்பந்து உள்ளரங்கில் வாக்கு எண்ணி முடிந்ததும், கெய்லி ஹாலிவெல் மூன்றாவது தாளை எடுத்து டெரன்ஸ் கிரீன்ஹால் கையில் கொடுத்தாள்.

இங்கிலாந்தில், ரஷ்டேல் நகராட்சியில் முப்பத்தொன்பது இடம். ஒவ்வொரு மே மாதமும் மூன்றில் ஒரு பங்குக்குத் தேர்தல். இந்த முறை தேர்தல் நடந்த பதின்மூன்றில் பன்னிரண்டு இடங்கள் அவர்கள் கட்சியிடம் இருந்தவை. எண்ணி முடித்தபோது இரண்டு மிஞ்சியது. மீதி இடங்களின் புண்ணியத்தில், ஒற்றை ஆள் வித்தியாசத்தில் ஆட்சி மட்டும் தப்பியது. டெரன்ஸ் நகராட்சித் தலைவர். அவருடைய இடத்துக்கு இந்த ஆண்டு தேர்தல் இல்லை. அதனால் அவர் முகத்திலிருந்த துக்கம் பொதுத் துக்கமாக இருந்தது. சாவு வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் நிற்பதுபோல நின்றார்.

"நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்," என்று உள்ளூர் பத்திரிகைக்காரரிடம் வாசித்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றார் பத்திரிகைக்காரர்.

தாளில் அதற்கு மேல் எதுவும் இல்லை. டெரன்ஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் காலி.

என்ன கேட்டது என்று கெய்லிக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து நாலு மாதம் மழையில் வீடு வீடாகப் போனவள் அவள். இருபத்தைந்து வயது, கட்சியின் ரஷ்டேல் அமைப்பாளர், அந்த ஊரில் கட்சியிடம் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். கட்சியின் செயலியில் ஒவ்வொரு கதவுக்கும் நாலு பொத்தான்: நம்மவர், ஒருவேளை, எதிரி, வீட்டில் இல்லை. அவ்வளவுதான். ரஷ்டேலில் வாசலுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே "உனக்குப் போட மாட்டேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சரிம்மா, பாத்துக்கலாம், மழையில நனையாம போ" என்பார்கள். கூடப் போன தொண்டர்கள் அதைக் கேட்டு 'நம்மவர்' பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். ஆக, தேர்தலுக்கு முந்தின நாள் செயலியின் கணக்குப்படி கட்சி பதின்மூன்றும் ஜெயித்திருந்தது.

கெய்லி மட்டும் பழைய காகிதப் படிவத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். அதில் ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு, 'குறிப்பு' என்று. கட்டைவிரல் அகலம்தான். "மழையில நனையாம போ" என்றவர்கள், அவள் கிளம்பாமல் அங்கேயே நின்றால், ஒரு நிமிஷம் கழித்து வேறு ஏதோ சொன்னார்கள். அதைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதினாள்.

அவர்கள் சொன்னது குப்பையைப் பற்றி.

போன அக்டோபரில் நகராட்சி சாம்பல் நிறக் குப்பைத் தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுப்பதை நிறுத்தி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்கியது. அதற்கு 'நெகிழ்வான கழிவு அட்டவணை' என்று பெயர் வைத்து, சிரிக்கும் தொட்டி ஒன்றின் படம் போட்டு வீட்டுக்கு வீடு அட்டை அனுப்பியது. அந்த அட்டைகள் எந்தத் தொட்டிக்குள் போயின என்று கெய்லியின் அப்பாவுக்குத் தெரியும். கென் ஹாலிவெல் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை லாரியில் வேலை பார்க்கிறவர்.

"மூணாவது வாரம் மூடியத் தொறந்தா உள்ள நடமாட்டம் இருக்கு," என்பார் அவர், காலுறையைக் கழற்றிக்கொண்டே. "நேத்து ஒரு கிழவி என்னத் துரத்திக்கிட்டு வந்தா. நானா சட்டம் போட்டேன்? இருந்தாலும் வாங்கிக்கிட்டேன். நல்லாத்தான் திட்டினா."

இதை கெய்லி கட்சிக் கூட்டத்தில் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று குறிப்பேட்டில் ஏறியது.

சனிக்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து பியர்ஸ் கூப்பிட்டான். இரண்டு வருஷம் அவளைவிடப் பெரியவன், அவளுக்கு மேலதிகாரி. வாழ்க்கையில் ஒரு கதவைத் தட்டியிருப்பான் என்றால் அது அவன் வீட்டுக் குளியலறைக் கதவாகத்தான் இருக்கும்.

"கெய்லி, மனசு எப்படி இருக்கு? முதல்ல உடம்பப் பாத்துக்கோங்க."

"நல்லா இருக்கேன். சொல்லுங்க."

"எல்லா ஊரும் ஒரு தோல்வி ஆய்வு அறிக்கை கொடுக்கணும். நீங்க எழுதணும். மாதிரி அறிக்கை ஒண்ணு அனுப்பியிருக்கேன். ஊர் பேரை நிரப்பினா போதும்."

அவள் பேசிக்கொண்டே அதைத் திறந்து பார்த்தாள். ஆறு பக்கம். 'கட்சியின் செய்தி சரியானது. அது சென்று சேரவில்லை' என்பது முதல் முடிவு. 'களத்தில் திரட்டிய தகவல் நம்பகமானதாக இல்லை. அமைப்பாளர் மட்டத்தில் குறைபாடுகள் கண்டறியப்பட்டன' என்பது இரண்டாவது. நாலாம் பக்கத்தில் ரஷ்டேல் என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊர் அமைப்பாளரும் குறைபாடாகத்தான் இருந்திருக்கிறார் போல.

"அமைப்பாளர் நான்தான் பியர்ஸ்."

"அது மட்டத்தச் சொல்றது. ஆளச் சொல்லல."

"அந்த மட்டத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்."

"உங்க ஒப்பந்தம் ஜூன் முப்பதோட முடியுதுல்ல," என்றான், வானிலை சொல்வதுபோல. "அறிக்கை சரியா வந்தா, புதுப்பிக்கிறதப் பத்தி நான் பேசறேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை உங்க ஊர்க் கூட்டத்துல நிறைவேத்திடுங்க. நான் கார்ன்வால் போறேன், விடுமுறை. நாம எல்லாரும் ரொம்பக் களைச்சிட்டோம்."

கெய்லி போனை வைத்தாள். குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அவள் பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்த வீட்டில் அது முதல் பட்டம். கென் அதைப் படம் பிடித்து லாரிக்காரர்கள் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். லாரிக் கொட்டகையில் அவளுக்குப் பெயரே 'பட்டம்' தான். தன் தப்பு என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கும். எழுதாவிட்டால் ஜூன் முப்பது. எழுதினாலும் பியர்ஸ் "பேசறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"என்ன செய்யப் போற?" என்றார் கென்.

"அறிக்கை கேக்கறாங்க. எழுதப் போறேன்."

நாலு நாள் எழுதினாள். மாதிரியை மூடி வைத்துவிட்டு, ஐந்தாவது கட்டத்தில் இருந்ததை எல்லாம் தட்டச்சு செய்தாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குறிப்பு. தெருவும் வீட்டு எண்ணும் போட்டு, பேரை விட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே. கெட்ட வார்த்தையில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவைத்தாள். நாற்பத்து மூன்று பக்கம் வந்தது. கடைசியில் மூன்றே பரிந்துரை. ஒன்று: குப்பையை மறுபடியும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுக்க, அடுத்த நகராட்சிக் கூட்டத்திலேயே கட்சி தீர்மானம் கொண்டுவர வேண்டும். இரண்டு: தலைவர் ஒரு வாரத்துக்குள் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் 'யாருக்காவது வருத்தம் ஏற்பட்டிருந்தால்' என்ற சொல் வரக் கூடாது. மூன்று: ஒரு கதவையும் தட்டாதவர் யாரும் இனிமேல் தோல்விக்குக் காரணம் சொல்லக் கூடாது.

முதல் பக்கத்தில் எழுதியவர் கெய்லி ஹாலிவெல் என்று போட்டாள். விதிப்படி வியாழக்கிழமை எல்லாருக்கும் அனுப்பினாள். அனுப்பிய நாலாவது நிமிஷம் டெரன்ஸிடமிருந்து பதில் வந்தது: "அருமையான வேலை!" பியர்ஸிடமிருந்தும் பதில் வந்தது. தான் பதினெட்டாம் தேதி வரை அலுவலகத்தில் இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில். கெய்லியைத் தவிர பத்தொன்பது பேர் வந்தார்கள். கூட்டத் தலைவி மியூரியலுக்கு எழுபத்தெட்டு வயது; முப்பது வருஷமாக அதே நாற்காலி, அதே சின்ன மணி. ஓரத்து மேசையில் தேநீர், பிஸ்கட், கூடவே குலுக்கல் பரிசுகள். கட்சிக் கூட்டம் என்றால் குலுக்கல் உண்டு. யார் செத்தாலும் உண்டு. வெற்றிக்கு வாங்கி வைத்த மதுப்புட்டி முதல் பரிசு. குளியல் உப்புப் பெட்டி கடைசிப் பரிசு. அந்தப் பெட்டி இரண்டு வருஷமாக யார் வீட்டிலும் திறக்கப்படாமல், ஜெயித்தவர் திருப்பிக் கொடுக்க, அடுத்த குலுக்கலுக்கு வந்துகொண்டிருந்தது.

தோல்வி பற்றிய பொது விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. ஒருவர் மழையைச் சொன்னார். ஒருவர் துண்டறிக்கையின் எழுத்து சின்னது என்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் நாயோடு வந்தது நியாயமில்லை என்றார் ஒருவர். அது நல்ல நாய் என்று இன்னொருவர் ஒத்துக்கொண்டார்.

"குப்பை," என்றாள் கெய்லி.

"அதுக்கு ஆறாவது விஷயத்துல வருவோம் செல்லம்," என்றார் மியூரியல்.

ஆறாவது விஷயம் வந்தபோது மணி மூன்றே முக்கால். கெய்லி அறிக்கையோடு எழுந்து நின்றாள்.

"எத்தன பக்கம்மா?" என்றார் மியூரியல், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"நாப்பத்து மூணு."

கூடத்தில் பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு மணிக்கு எடை குறைப்போர் வகுப்பு. அவர்கள் ஏற்கனவே வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து, பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

"எல்லாருக்கும் வந்திருச்சில்ல? அப்ப படிச்சதா எடுத்துக்கலாமா?"

"வேண்டாம் மியூரியல். இதப் படிக்கணும். உங்களுக்குப் பிடிக்காதது நெறய இருக்கு இதுல."

கெய்லி இதை உரக்கத்தான் சொன்னாள். பின்னால் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உரக்கச் சொன்னாள் என்பதைக் குறிப்பேடே ஒத்துக்கொண்டது.

டெரன்ஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "தலைவி அவர்களே, சங்கடமான உண்மைய நாம நேருக்கு நேர் பாக்கணும். அதுல எனக்குத் தயக்கமே கெடயாது. படிச்சதா எடுத்துக்கிட்டு நிறைவேத்தலாம்னு முன்மொழியறேன்."

"டெரன்ஸ், நீங்க படிச்சீங்களா?"

"ஒவ்வொரு வார்த்தையும், கண்ணு."

பத்தொன்பது கையும் தூக்கப்பட்டன. எதிர்ப்பு யாருமில்லை. கெய்லி கை தூக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவளுக்கு ஓட்டுக் கிடையாது. அதே மூச்சில் அமைப்பாளருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம். அது வழக்கம், தோற்றாலும் உண்டு. கை தட்டினார்கள். குலுக்கினார்கள். கெய்லிக்குக் குளியல் உப்பு விழுந்தது.

அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. மேசையில் அந்த இடம் காலியாக இருப்பதை மியூரியல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்சி விதியில் பதினாலாவது, நிறைவேறிய அறிக்கையை அமைப்பாளர் அன்றே கட்சியின் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது. கெய்லி போட்டாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு டெரன்ஸ் அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"பத்திரிகைல போட்டிருக்கான் கெய்லி. நான் மன்னிப்புக் கேக்கப் போறேனாம். கட்சி ஒருமனதா முடிவெடுத்ததாம்."

"ஆமா. நீங்கதான் முன்மொழிஞ்சீங்க."

"நான் எதுக்கு என்னையே…" நாற்காலியில் உட்கார்ந்தார். "இது வரைவுன்னு சொல்லிரு. தப்பான கோப்பு போயிருச்சுன்னு. யாருக்கும் நஷ்டமில்ல."

"தப்பான கோப்பு இல்லையே."

"பியர்ஸ் கார்ன்வால்லேர்ந்து கத்தறான். கடற்கரைல நிக்கறான், காத்து சத்தத்துல பாதி கேக்கல. கேட்ட வரைக்கும் நல்லா இல்ல."

"ரத்துப் பண்ணணும்னா ஆறு மாசம் ஆகணும். அதுக்கு முன்னாடின்னா சிறப்புக் கூட்டம். பன்னெண்டு கையெழுத்து வேணும். காரணம் எழுத்துல சொல்லணும்." அவள் விதிப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். "என்ன காரணம் எழுதுவீங்க?"

டெரன்ஸ் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். காரணம் ஒன்றுதான், யாரும் படிக்கவில்லை என்பது. அதை எழுதிப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதமும் இணையதளத்துக்குப் போகும், பதினாலாவது விதி.

போன் அடித்தது. உள்ளூர் வானொலி. டெரன்ஸ் எடுத்தார். எழுந்து நின்றார். அவர் முதுகு நிமிர்வதை கெய்லி பார்த்தாள்.

"ஆமாமா, நான்தான் கேட்டேன்," என்றார் போனில். "ஒளிவு மறைவு இல்லாத அறிக்கை வேணும்னு நான்தான் கேட்டேன். ஒரு கட்சிக்குத் துணிச்சல் வேணும் இல்லையா? பத்து மணிக்கா? வரேன்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் கெய்லி.

"கட்சி கேட்டது. கட்சின்னா நாமதான."

"ஒரு வாரம் முன்னாடி கட்சி என்கிட்ட கேட்டது வேற. அமைப்பாளர் மட்டத்துல குறைபாடுன்னு எழுதச் சொல்லிக் கேட்டது. பியர்ஸ் அனுப்பின மாதிரி அறிக்கை இன்னும் என்கிட்ட இருக்கு. வேற ஊர்ப் பேரோட."

டெரன்ஸ் மேசைமேல் இருந்த குளியல் உப்பைப் பார்த்தார். அதனாலும் அவருக்கு எந்த விதத்திலும் உதவ முடியவில்லை.

"சரி. என்ன வேணும் உனக்கு?"

"முதல் பக்கத்துல என் பேர் இருக்கு. அது அங்கயே இருக்கணும். வானொலில யார் எழுதினதுன்னு கேட்டா சொல்லணும். அப்புறம் ஜூன் முப்பது."

"ஜூன் முப்பதா? உன்ன எப்படிம்மா விட முடியும்?" முதல் முறையாக அவர் குரலில் உண்மை வந்தது. "இதப் படிச்ச ஒரே ஆள் நீதான். நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பக்கத்தச் சொல்லிக் கேப்பான். நான் பியர்ஸ்கிட்ட பேசிக்கறேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம், எழுத்துல."

"இப்பவே எழுதுங்க."

"இப்பவா?"

"நீங்க ஒம்போதரைக்குக் கெளம்பணும்."

நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கெய்லி அதைப் படித்தாள், ஒவ்வொரு வார்த்தையும். பைக்குள் வைத்தாள். சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. திருடனிடம் தன் பர்சைத் திரும்ப வாங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"வண்டில போறப்ப படிச்சுக் காட்டு," என்றார் டெரன்ஸ். "சுருக்கமா. முக்கியமானத மட்டும்."

"சுருக்கம் இல்ல. எல்லாம் முக்கியம்தான்."

வானொலி நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். அவர் ஓட்ட, அவள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மில் தெரு, நாலாம் எண்: தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, வெளியே வைத்தால் எலி. மில் தெரு, ஒன்பது: போன தடவை இந்தக் கட்சிக்குப் போட்டேன், என் கையை வெட்டணும். சேப்பல் தெரு, இரண்டு: சிரிக்கிற தொட்டி படத்தை அனுப்பினவனை ஒரு தரம் பார்க்கணும். டெரன்ஸ் "அடுத்தது" என்றார். ஒவ்வொன்றுக்கும் "அடுத்தது" என்றார். எட்டாம் பக்கத்துக்கு அப்புறம் அதையும் சொல்லவில்லை.

நேரம் குறைவாக இருந்ததால் அவள் கடைசிப் பக்கங்களுக்குத் தாவினாள்.

"முப்பத்தொம்பதாம் பக்கம். லார்ச் க்ளோஸ், பதினேழு."

வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது. பின்னால் ஒருவன் ஒலியெழுப்பினான்.

"அது என் வீடு," என்றார் டெரன்ஸ்.

"தெரியும். பிப்ரவரில வந்தேன். நீங்க இல்ல, உங்க மனைவிதான் கதவத் தொறந்தாங்க."

"செயலியில என்ன போட்ட?"

"நம்மவர்."

அவர் தலையசைத்தார். போக்குவரத்து விளக்கு சிவப்பானது, நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"குறிப்புல?"

கெய்லி தாளைப் பார்த்தாள். அவளுக்கு அது மனப்பாடம். இருந்தாலும் தாளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

"'பேத்தியோட டயப்பர் மூணு வாரமாக் கெடக்கு. அவர்கிட்ட நாலு தடவ சொன்னேன். நாலு தடவையும் கேட்டுக்கிட்டிருக்கோம்னு சொன்னார்.'"

விளக்கு பச்சையானது. டெரன்ஸ் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவன் மறுபடியும் ஒலியெழுப்பினான், இந்த முறை நீளமாக.

"இன்னும் நாலு பக்கம் இருக்கு," என்றாள் கெய்லி. "படிக்கவா, இல்ல படிச்சதா எடுத்துக்கலாமா?"

அவர் கியரைப் போட்டார்.

"படி," என்றார்.